சேர்த்துக் கட்டிய கிட்டாரும் மாற்றி அமைத்த கிட்டாரும்: ஓராண்டு வாசிப்புக்குப் பின்

மேற்கு மாம்பலத்தில் உள்ள என் வீட்டுக் கூடத்தின் சுவரில் இரண்டு எலக்ட்ரிக் கிட்டார்கள் தொங்குகின்றன. இரண்டும் ஃபெண்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம் கொண்டவை. தந்தியின் அசைவை மின்சைகையாக மாற்றும் பிக்கப்புகள் இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு முதல் 46 பங்கு வரை தடிமன் கொண்ட ஒரே தந்திக் கட்டைத்தான் இரண்டுக்கும் போடுகிறேன். ஒரே ஆம்ப்ளிஃபயரில்தான் வாசிக்கிறேன். ஒன்று, பிறர் பயன்படுத்தியதை வாங்கி, ஒவ்வொரு பாகமாக மாற்றியது. மற்றொன்று, நெக் எனப்படும் கழுத்துப் பகுதியை ஓரிடத்திலும் பாடி எனப்படும் உடற்பகுதியை வேறோரிடத்திலும் பெற்று, முதல் திருகிலிருந்து நானே பூட்டியது. இவ்விரண்டில் எந்த வழி செலவுக்கும் உழைப்புக்கும் தக்கது என்று பலரும் கேட்பதால், ஓராண்டு வாசித்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

நான் கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் என் தேவைகள் எல்லாம் கமகத்திலிருந்து பிறந்தவை. தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பிடிக்கும்போது தந்தி பக்கவாட்டில் வெகுதூரம் இழுபடுகிறது. கிட்டாரின் விரற்பலகை தட்டையானதன்று. நடுவில் மேடாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் வளைந்திருக்கும். அந்த வளைவின் ஆரம் பழைய ஃபெண்டர் நெக்குகளில் 7.25 அங்குலம், ஆரம் சிறியதாக இருந்தால் மேடு அதிகம் என்று பொருள். ஓரத்துத் தந்தியை நடு மேட்டை நோக்கி இழுத்தால், அது மேலேயுள்ள ஃபிரெட்டில் (விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) தட்டிச் சட்டென்று அடங்கிப் போகும். தந்தியை உயர்த்தி வைத்தால் இது தீரும், ஆனால் அரை மணி நேர ஆலாபனைக்குள் விரல் நுனி எரியத் தொடங்கிவிடும். எனக்கு வேண்டியிருந்தது 12 அங்குல ஆரமோ அதற்கும் தட்டையானதோ ஆன பலகை, விரல் மரத்தில் உரசாத அளவுக்கு உயரமான ஃபிரெட், பாடியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் அசையாததாக இருப்பது.

அசையாத பிரிட்ஜ் எதற்கு என்றால், ஸ்பிரிங்கில் மிதக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜில் ஒரு தந்தியை இழுத்தால் பிரிட்ஜே சற்று முன்னால் சாய்ந்து மற்ற தந்திகளின் சுருதி இறங்கிவிடும். மேற்கத்திய இசையில் இது பெரிய குறையாகத் தோன்றாமல் போகலாம். ஒரு தந்தியில் கமகம் அசைய, பக்கத்துத் தந்தி சட்ஜமாக ஒலித்துக்கொண்டிருக்க வேண்டிய வாசிப்பில் அது காதைக் குத்தும்.

இப்படி நெக்கை ஓரிடத்திலும் பாடியை வேறிடத்திலும் வாங்கிப் பூட்ட முடிகிறது என்றால், அதற்குக் காரணம் ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர். வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து வந்த அவர், 1950களின் தொடக்கத்தில் வெளியிட்ட டெலிகாஸ்டரிலும் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் நெக்கைப் பாடியோடு ஒட்டாமல் நான்கு திருகுகளால் பூட்டினார். பழுதானால் கழற்றி வேறு பூட்டலாம் என்ற பழுதுபார்ப்பவரின் சிந்தனை அதில் தெரிகிறது. கிப்ஸன் நிறுவனத்தின் லெஸ் பால் வகைக் கிட்டார்களில் நெக் பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் அவற்றில் பாகம் மாற்றும் வேலை பிக்கப்பு, தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனர், பிரிட்ஜ் ஆகியவற்றோடு நின்றுவிடும். ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வாங்கிய பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்துக் கட்டியதுதான் ‘பிளாக்கி’ எனப் பெயர் பெற்ற கிட்டார். 2004இல் அது ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. மாற்றியமைப்புக்கு உதாரணம் தேட நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் சென்னை மேடைகளில் மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் வாசித்தது வழக்கமான நான்கு ஜோடித் தந்திகள் கொண்ட மாண்டலின் அன்று. ஒற்றைத் தந்திகள் ஐந்தைக் கொண்ட மின் மாண்டலின். கமகத்துக்கு இடம் தராத ஒரு கருவியை இசைக்கேற்ப வளைத்துக்கொண்ட அந்தத் துணிவை நினைத்துத்தான் நானும் இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் மாற்றியமைத்த கிட்டாரைப் பற்றி. ஒரு கல்லூரி மாணவரிடமிருந்து 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். பாப்லர் மரப் பாடி, மேப்பிள் நெக், 9.5 அங்குல ஆரம். வாங்கியவுடன் கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களின் கிட்டார்களைப் பழுது பார்த்துவரும் மூத்தவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மூன்றாவது ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, முதல் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று ஆறு தந்திகளிலும் பார்த்தார். ஒரு தாளின் கனம் இருக்க வேண்டிய இடத்தில் விசிட்டிங் கார்டே நுழைந்தது. “பிக்கப்பை அப்புறம் மாத்திக்கலாம் தம்பி, முதல்ல நட்டைச் சரி பண்ணுங்க, பாதி குறை போயிடும்” என்றார். நட்டு என்பது நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் பதிந்து நிற்கும் பள்ளக் கட்டை. பிளாஸ்டிக் நட்டை எடுத்துவிட்டு எலும்பு நட்டு வைத்துப் பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அராவி, ஃபிரெட்டுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து கொடுத்ததற்கு 3,500 ரூபாய் வாங்கினார். அந்தக் கிட்டாருக்கு நான் செய்த செலவுகளிலேயே மிகச் சிறந்தது அதுதான் என்று இப்போதும் சொல்வேன். முதல் நிலையில் ஸ்வரங்கள் சுருதிக்கு மேலே ஏறி நின்றது அன்றோடு நின்றது.

பிக்கப்புகளுக்கு 8,500 ரூபாய் ஆயிற்று. அல்நிகோ 5 காந்தம் கொண்ட மூன்று சிங்கிள் காயில்கள், அதாவது ஒற்றைக் கம்பிச் சுருள் பிக்கப்புகள். நடுவில் உள்ளது எதிர்த் திசையில் சுற்றப்பட்டது என்பதால் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்விட்சின் இரண்டாவது, நான்காவது நிலைகளில் இரைச்சல் தானாகவே நீங்கிவிடும். மற்ற மூன்று நிலைகளில்தான் சென்னை வீடுகளின் தொல்லை தெரியும். மின்னணு ஃபேன் ரெகுலேட்டரைப் பாதியில் வைத்தால் போதும், ஆம்ப்ளிஃபயரில் வண்டு புகுந்தது போல் ஒலிக்கும். மின்தடையின்போது இன்வெர்ட்டர் ஓடினால் இன்னும் மோசம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த இரைச்சலின் அடிநாதம் 50, அதன் மேல் ஸ்தாயி 100. ஐந்து கட்டை சட்ஜத்தின் கீழ் ஸ்தாயி 98 ஹெர்ட்ஸ். ஆகவே இரைச்சல் ஐந்து கட்டைக்கு மிக அருகில், ஆனால் சற்றே மேலே நிற்கிறது. தம்புராவைப் போட்டுவிட்டு வாசிக்க உட்கார்ந்தால் சுருதி சேராத இன்னொரு தம்புராவும் ஓடுவது போலிருக்கும். பாடியின் உட்குழிகளிலும், முன்புறத்தை மூடும் பிக்கார்டு தகட்டின் பின்புறத்திலும் செப்புத் தகட்டு நாடாவை ஒட்டி, துண்டுகள் சேரும் இடங்களில் ஈயம் வைத்து, எல்லாவற்றையும் ஒரே எர்த் புள்ளியில் இணைத்தபின் ரெகுலேட்டர் வண்டு ஏறக்குறைய மறைந்தது. காயிலுக்குள்ளேயே புகும் 50 ஹெர்ட்ஸ் முற்றிலும் போகாது. தகட்டிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது.

மின் பாகங்களுக்குச் சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெருவே போதுமானது, கேட்டு வாங்கத் தெரிந்தால். சிங்கிள் காயிலுக்கு 250 கே (கிலோ ஓம்) மதிப்புள்ள பாட், அதாவது திருகி மாற்றும் மின்தடை வேண்டும். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்புக்கு 500 கே. வெறுமனே 250 கே என்று கேட்டால் ‘பி’ என்று குறித்ததை எடுத்துக் கொடுப்பார்கள். அது திருகும் அளவுக்கு ஒரே சீராக மாறுவது. வால்யூமுக்குக் காதின் இயல்புக்கேற்ப மாறும் ‘ஏ’ வகைதான் சரி. பாட்டின் மேல் அச்சிட்ட மதிப்பை நம்பாமல் மல்டிமீட்டரால் அளந்து பார்த்து வாங்க வேண்டும். 20 விழுக்காடு கூடுதலோ குறைவோ இருப்பது சாதாரணம். டோனுக்கான 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் மேல் 473 என்று எழுதியிருக்கும். சில ரூபாய்தான் விலை. பாட்டுகள், ஐந்து நிலை ஸ்விட்ச், ஜாக், கம்பி, செப்பு நாடா எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய். ட்யூனர்கள் 3,800 ரூபாய். ட்ரெமோலோவை அசையாமல் நிறுத்த நான் செலவே செய்யவில்லை. கதவு வேலையில் மீந்த தேக்குத் துண்டு ஒன்றைச் சீவி, பின்புறக் குழியில் பிரிட்ஜின் இரும்புக் கட்டைக்கும் மரத்துக்கும் இடையே இறுக்கமாகச் செருகினேன். அன்றிலிருந்து பிரிட்ஜ் அசையவில்லை.

ஆக மொத்தம் 32,000 ரூபாய். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையே சில வாரங்கள் விட்டதால், எந்த மாற்றம் எதைக் கொடுத்தது என்று என் காதும் விரலும் தனித்தனியே தெரிந்துகொண்டன. வேலை நடந்த மாதங்களிலும் கிட்டார் வாசிக்கும் நிலையிலேயே இருந்தது. இவ்வளவும் செய்த பிறகு தீராதிருந்தது நெக் ஒன்றுதான். ஆரம் 9.5, ஃபிரெட் தாழ்வு, நட்டின் அகலம் 42 மில்லிமீட்டர். என் விரல்களுக்கு நெருக்கம். அந்தக் குறையால்தான் இரண்டாவது கிட்டாரைச் சேர்த்துக் கட்டினேன்.

ஃபெண்டரிடம் உரிமம் பெற்று நெக் செய்து விற்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. வார்மோத் போன்றவற்றில் நட்டுக்கு அருகே 10 அங்குலமும் மேல் ஃபிரெட்டுகளில் 16 அங்குலமுமாக ஆரம் மாறிக்கொண்டே போகும் நெக் கூடக் கிடைக்கும். நான் வாங்கியது வேறொரு வெளிநாட்டுக் கடையில்: 12 அங்குல ஆரம், 43 மில்லிமீட்டர் நட்டு, 6105 என்ற அளவு ஃபிரெட். அந்த ஃபிரெட்டின் உயரம் சுமார் 1.4 மில்லிமீட்டர், அகலம் குறைவு, உயரம் அதிகம். விரற்பலகை இந்திய ஈட்டி மரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம் கடல் கடந்து போய் மாம்பலத்துக்குத் திரும்பி வந்ததை நான் சற்று நேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெக் 16,500 ரூபாய்; வரியும் அனுப்பு கூலியும் 7,800 ரூபாய். வந்ததும் பூட்டிவிடாமல் இரண்டு வாரம் கூடத்திலேயே வைத்திருந்தேன். நம் ஊரின் ஈரக்காற்றை மரம் உள்வாங்கி நிலைபெற்ற பின்பே, நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உட்கம்பியான ட்ரஸ் ராடில் கைவைப்பது நல்லது.

பாடியை அம்பத்தூரில், கதவுகளில் பூவேலை செய்யும் சிஎன்சி (கணினி இயக்கும் எந்திரம்) பட்டறை ஒன்றில் மகோகனிப் பலகையில் வெட்டச் சொன்னேன். மரக்கடைக்காரர் நல்ல பலாப் பலகை ஒன்றையும் காட்டினார். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவதால் எனக்கும் ஆசை எழுந்தது; ஆனால் வீணையில் குடைந்த குடம் அதிர்ந்து ஒலிக்கிறது, கெட்டி மரக் கிட்டாரிலோ தந்தியின் அசைவைக் காந்தம்தான் எடுக்கிறது என்பதால், அந்தப் பலகையை வீணை செய்பவருக்கே விட்டுவிடுவது நியாயம் என்று தோன்றிற்று. மரமும் வெட்டுக்கூலியும் 11,000 ரூபாய்.

வெட்டி வந்த பாடியில் நெக் உட்காரும் குழியின் அகலம் 56 மில்லிமீட்டர், துல்லியம். ஆழம் 16 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டியது 14 மட்டுமே இருந்தது. பார்வைக்கு இரண்டு மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. பூட்டிப் பார்த்தபோது நெக் அந்த அளவுக்கு உயர்ந்து நின்றதால், தந்திகளை அதற்கு ஈடாகத் தூக்க பிரிட்ஜில் தந்தி அமரும் சேடில்களின் திருகுகளைக் கடைசி மரை வரை ஏற்ற வேண்டியிருந்தது. அப்படியும் தந்திகள் மேல் ஃபிரெட்டுகளில் உரசின. பட்டறையில் மறுபடி எந்திரத்தில் ஏற்றப் பாடியை முதலிலிருந்து நிலைப்படுத்த வேண்டும் என்று தயங்கினார்கள். கடைசியில் எங்கள் தெருவிலேயே இருக்கும் தச்சர் ஒருவர், குழியின் சுவரில் பென்சிலால் கோடு கிழித்து, அகல உளியைப் படுக்க வைத்து, வெங்காயத் தோல் போன்ற சுருள்களாக ஒரு மணி நேரம் சீவினார். இரும்பு அளவுகோலை நிறுத்தி நான்கு மூலைகளிலும் அளந்து காட்டிவிட்டுத்தான் உளியைக் கீழே வைத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். கிட்டாரை வாசித்துக் காட்டச் சொன்னார்.

பிரிட்ஜின் துளைகளை மட்டும் எந்திரத்தில் போட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். இந்த வழியில் போக நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை 324 மில்லிமீட்டர்; அதே தூரம் அதற்கப்பால் போனால் 648இல் தந்தி சேடிலைத் தொட வேண்டும். நெக்கைப் பூட்டிவிட்டு, முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் பதிலாகப் பூக்கட்டும் நூல் இரண்டை ட்யூனரிலிருந்து பிரிட்ஜ் வரை விறைப்பாகக் கட்டி, கடைசி ஃபிரெட்டின் இரு ஓரங்களிலும் நூலுக்கு வெளியே ஒரே அளவு இடம் மீதமிருக்கும்படி பிரிட்ஜை இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். அரை மில்லிமீட்டர் தவறினாலும் கமகத்தின்போது முதல் தந்தி பலகையை விட்டு வழுக்கி விழும். நூல் இரண்டும் ஒப்புக்கொண்ட பிறகே பென்சிலால் குறித்துத் துளையிட்டேன்.

பெயின்ட் வேலைக்குப் புதுப்பேட்டையில் கார்களுக்கு ஸ்ப்ரே அடிக்கும் ஒருவரிடம் போனேன். அது ஐப்பசி மாதம். “மழை விடட்டும் சார், இப்போ லாக்கர் அடிச்சா பால் பூத்த மாதிரி வெளுத்துடும்” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. காற்றில் ஈரம் மிகுந்தால் காயும் லாக்கர் படலத்தில் நீர் சிக்கி வெண்மை படரும். தை பிறந்த பிறகு 3,500 ரூபாய்க்குக் கண்ணாடி போல் அடித்துக் கொடுத்தார்.

வெளிநாட்டிலிருந்து வந்த நெக்கின் ஃபிரெட்டுகளும் ஒரே மட்டத்தில் இல்லை. கோடம்பாக்கத்து மூத்தவர் ஒவ்வொரு ஃபிரெட்டின் தலையிலும் மார்க்கரால் மை தடவி, நீளமான இரும்புக் கட்டையில் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்தார். உயர்ந்து நின்ற ஃபிரெட்டுகளில் மை முதலில் அழிந்தது, தாழ்ந்தவற்றில் அப்படியே இருந்தது. எல்லாவற்றிலும் மை அழிந்த பின் தலைகளை மறுபடி உருட்டி, நட்டும் வைத்துக் கொடுக்க 5,000 ரூபாய் ஆனது. பிக்கப்பு 8,500, அசையாத பிரிட்ஜ் 4,200, ட்யூனர் 3,800, பிக்கார்டு, மின் பாகம், திருகு முதலியவை 4,600, எனக்காக வாங்கிய வேலைக் கருவிகள் 6,100 என்று கூட்டினால் 71,000 ரூபாய் வருகிறது. கருவிகளைக் கழித்தாலும் 64,900. நெக்கை ஆர்டர் செய்த நாளிலிருந்து முதல் ஸ்வரம் கேட்கும் வரை ஏழு மாதங்கள்.

இப்போது ஒப்பீடு. ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கேட்டால் இரண்டும் நெருங்கிய உறவினர்கள். நண்பர் ஒருவரை அடுத்த அறையில் உட்கார வைத்து மாறி மாறி வாசித்ததில், அவர் பாதிக்குப் பாதிதான் சரியாகச் சொன்னார். மகோகனியில் கீழ் ஸ்தாயி சற்றுக் கனமாகவும் நாதம் சற்று நீண்டும் நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதில் எவ்வளவு மரத்தால், எவ்வளவு பிரிட்ஜால் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஒலிக்காக மட்டும் பாகம் சேர்த்துக் கட்டப் போகிறவர்களை நான் தடுப்பேன். அந்த ஒலி மாற்றியமைத்த கிட்டாரில் பாதி விலைக்குக் கிடைத்துவிடுகிறது.

கையில் எடுத்தால் கதை வேறு. சேர்த்துக் கட்டிய கிட்டாரில் தந்தியை ஒன்றரை ஸ்வரம் இழுத்தாலும் அடங்குவதில்லை. உயர்ந்த ஃபிரெட்டில் விரல் மரத்தைத் தொடாமல் தந்தியை மட்டும் பிடித்து அசைக்கிறது. அடாணாவின் நிஷாதத்தை இவ்வளவு காலம் நான் பயந்து பயந்து தொட்டிருக்கிறேன் என்பது இந்த நெக்கில் வாசித்த பிறகே தெரிந்தது. எடையில் இது 3.7 கிலோ, மற்றது 3.3 கிலோ, தரையில் சப்பணமிட்டு வாசிப்பதால் அது எனக்குப் பொருட்டில்லை, நின்று வாசிப்பவர்களுக்குத் தோள் சொல்லும். மழைக்காலத்தில் இரண்டு நெக்குகளும் முன்னோக்கி வளைந்தன. ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கியதில் இரண்டும் திரும்பின.

விற்கும்போது என்ன கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றியமைத்த கிட்டாரின் பழைய பாகங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அவற்றைத் திரும்பப் பூட்டினால் கிட்டாருக்குத் தனி விலை, பிக்கப்புக்குத் தனி விலை. சேர்த்துக் கட்டியதற்கு நெற்றியில் நிறுவனப் பெயர் கிடையாது, ஆகையால் போட்ட பணத்தில் பாதி வந்தாலே பெரிது.

கிட்டார் வாங்கி நான்கைந்து ஆண்டுகள் ஆகாதவர்கள் மாற்றியமைக்கும் வழியிலேயே போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அண்ணா சாலையிலோ வேறெங்கோ கடைக்குப் போய், வண்ணத்தையும் பிக்கப்பையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு நெக்கைப் பிடித்துப் பார்த்து, கைக்கு ஒத்த நெக் உள்ள கிட்டாரை வாங்குங்கள். மற்றவை எல்லாம் பின்னால் மாறக்கூடியவை. நட்டு, ஃபிரெட் மட்டம், செப்புத் தகடு, பிறகு பிக்கப்பு என்ற வரிசையில் செலவு செய்யுங்கள். தன் கைக்கு எத்தனை மில்லிமீட்டர் நட்டு, எந்த ஆரம், எந்த உயர ஃபிரெட் என்று எண்களாகவே சொல்லத் தெரிந்த பிறகும் அந்த நெக் கடையில் கிடைக்கவில்லை என்றால், அப்போது சேர்த்துக் கட்டுங்கள். எனக்கு அந்த எண்களைக் கற்றுக் கொடுத்தது 32,000 ரூபாய்க் கிட்டார்தான். அது இல்லாமல் நெக் வாங்கியிருந்தால் தவறான நெக்கைத்தான் வாங்கியிருப்பேன்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதைத் தாமதமாகவே உணர்ந்தேன். பழைய ஃபிரெட்டுகளைப் பிடுங்கி, விரற்பலகையைத் தேய்த்து 12 அங்குல ஆரத்துக்குக் கொண்டுவந்து, 6105 ஃபிரெட்டுகளை அடித்துத் தர மூத்தவர் 9,000 ரூபாய் சொல்லியிருக்கிறார். அதையும் சேர்த்தால் 41,000 ரூபாய். சேர்த்துக் கட்டியதைவிட 23,900 ரூபாய் குறைவு. நட்டின் அகலம் மட்டும் 42ஆகவே இருக்கும். மார்கழியில் மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கில் வாசிக்க மகோகனிக் கிட்டாரை எடுத்துப் போகிறேன். அந்த மாதம் மற்றது கோடம்பாக்கத்தில் இருக்கும்.